விறகு கெட்டதா, நல்லதா? மலையகத்திலிருந்து ஒரு காபன் கணக்கு

மலையகத்தில் இப்போது ‘பசுமை’ என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. தேயிலைப் பெட்டியில் அச்சாகிறது, பாடசாலை மரநடுகை விழாவின் பதாகையில் தொங்குகிறது, கூட்டங்களில் யாராவது ‘காபன் நடுநிலை’ என்று சொல்லிவிட்டு அமர்ந்தால் கைதட்டலும் கிடைக்கிறது. அப்படியென்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று விடைகள் வரும். மரம் நட வேண்டும். விறகு எரிக்கக் கூடாது. நம் மலை பச்சைப்பசேல் என்றுதானே இருக்கிறது, இதற்கு மேல் என்ன? மூன்றிலும் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. ஆனால் மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு தோட்டத்தை நடத்தப் போனால் புகையும் குறையாது, செலவும் குறையாது.

இலங்கையர் ஒருவரின் பங்குக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டுதான் வருகிறது. உலகச் சராசரி நான்கு தொன்னுக்கும் மேல். ஆகவே உலகைச் சூடாக்கிய குற்றத்தை, லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அடுப்பின் தலையில் கட்ட நான் இதை எழுதவில்லை. விறகு, மண், நீர், பசளை ஆகியவற்றை வீணடிக்காமல் பயன்படுத்துவதும் வாயுவைக் குறைப்பதும் எப்படி ஒரே வேலையாகின்றன என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

உறைபனி விழும் இரவு

தை, மாசி மாதங்களில் நுவரெலியாப் பக்கம் சில இரவுகளில் உறைபனி விழும். விடிந்து பார்த்தால் புல்லின் மேல் வெள்ளைப் படலம். ஓரிரு நாளில் கொழுந்து கருகிப் பழுப்பேறிவிடும். எந்த இரவில் விழும் என்பது வயதானவர்களுக்கு வானத்தைப் பார்த்தாலே தெரியும். மேகம் இல்லாமல், காற்று அசையாமல், நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிகிற இரவுதான் அது. மூட்டம் போட்ட இரவில் விழாது.

பகலில் வெயிலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத கதிராக மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது. மேகமும் காற்றில் உள்ள நீராவியும் அந்தக் கதிரை உறிஞ்சி, ஒரு பகுதியைக் கீழே திருப்பி அனுப்புகின்றன. அவை இல்லாத இரவில் வெப்பம் தடையின்றி வெளியேறிவிடுகிறது, நிலம் உறைகிறது.

இப்படி நிலத்திலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரை உறிஞ்சித் திருப்பி அனுப்பும் வாயுக்களுக்குப் ‘பச்சைவீட்டு வாயுக்கள்’ என்று பெயர். நீராவி அவற்றில் ஒன்று. அது மழையாகி விழுந்துவிடுவதால் காற்றில் சேர்ந்துகொண்டே போவதில்லை. மனிதர் கையால் சேர்ந்துகொண்டே போகிறவற்றில் முக்கியமானவை மூன்று. எரிப்பதால் வரும் காபனீரொட்சைட்டு முதலாவது. காற்றில்லாமல் அழுகும் குப்பையிலிருந்தும், மாட்டின் வயிற்றிலிருந்தும், புகைந்து எரியும் அடுப்பிலிருந்தும் வரும் மெதேன் இரண்டாவது. நைதரசன் பசளையிட்ட மண்ணிலிருந்து வரும் நைதரசு ஒட்சைட்டு மூன்றாவது.

மூன்றும் ஒரே வலிமை உடையவை அல்ல. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மெதேன் ஏறத்தாழ 28 கிலோ காபனீரொட்சைட்டுக்கும், ஒரு கிலோ நைதரசு ஒட்சைட்டு ஏறத்தாழ 273 கிலோவுக்கும் சமமான வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இந்த 273 என்ற எண்ணை மனதில் வைத்திருங்கள். தேயிலை மலையில் அதற்கு வேலை இருக்கிறது.

சுருக்கமாக: வாயு இருப்பதே பிரச்சினை இல்லை, அது இல்லாவிட்டால் பூமியே உறைந்துவிடும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கூடுதலாகச் சேர்ந்த அந்தப் பங்குதான் பிரச்சினை.

பற்றுக் கொப்பி

தோட்டத்துக் கடையில் பற்றுக் கொப்பி வைத்திருப்பவர்களுக்கு அடுத்த பகுதியை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. மாதம் முழுவதும் மாவும் சீனியும் பருப்பும் கொப்பியில் ஏறும். பத்தாம் திகதி சம்பளம் வந்ததும் அடைப்பார்கள். கடன் வாங்கியதால் யாரும் மூழ்குவதில்லை. அடைப்பதைவிட அதிகமாக ஒவ்வொரு மாதமும் ஏறும்போதுதான் மூழ்குகிறார்கள்.

ஒரு மரம் வளரும்போது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து, சூரிய ஒளியின் துணையால் தன் உடம்பாக மாற்றிக்கொள்கிறது. ஒளித்தொகுப்பு என்று பாடசாலையில் படித்தது இதுதான். காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி காபன். அதை எரித்தால் காபன் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து மறுபடியும் காபனீரொட்சைட்டாகிறது. ஒட்சிசனின் எடையும் கூடுவதால் ஒரு கிலோ காய்ந்த விறகிலிருந்து 1.8 கிலோ அளவுக்குக் காபனீரொட்சைட்டு வரும். ‘ஒரு கிலோவிலிருந்து எப்படி ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல் வரும்?’ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. மிச்ச எடையைக் காற்றுதான் கொடுத்தது.

வெட்டிய இடத்தில் இன்னொரு மரம் அதே அளவுக்கு வளர்ந்தால், காற்றில் ஏறிய கடன் அடைபடும். வளராவிட்டால் கொப்பியில் அப்படியே நிற்கும். நிலக்கரிக்கும் டீசலுக்கும் கதை வேறு. அவை கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் புதைந்த காபன். அந்தக் கடனை அடைக்கும் பத்தாம் திகதி நம் நாட்காட்டியில் இல்லை.

‘நிலைபேறான பயன்பாடு’ என்பதன் பொருள் இவ்வளவுதான்: ஒரு வளத்தை எடுக்கும் வேகம், அது மீளும் வேகத்தைத் தாண்டாமல் இருப்பது. காபன் நடுநிலை என்பது அதே கணக்கைக் காபனுக்கு மட்டும் போட்டு, ஏறியதும் அடைந்ததும் சமமா என்று பார்ப்பது.

தொழிற்சாலை விறகு முற்றம்

இனி விறகுக்கு வருவோம். குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான்.

பறித்த கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு நீர். பெட்டியில் அடைக்கும் தூளில் 3 பங்கு அளவே இருக்கும். அதனால் ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ அளவு கொழுந்து போகிறது. இடையில் உள்ள நீரை வாட்டும் தட்டிலும் உலர்த்தியிலும் சூடான காற்றால் விரட்ட வேண்டும். மலையகத் தொழிற்சாலைகளில் அந்தச் சூட்டைப் பெரும்பாலும் விறகுதான் தருகிறது. சுருங்கச் சொன்னால், தேயிலைத் தொழிற்சாலையின் வெப்பம் முழுவதும் நீரை விரட்டும் வேலைக்குத்தான் செலவாகிறது.

அந்த நீரை விரட்ட, தானே நீர் நிறைந்திருக்கும் ஒரு மரத்தை எரிப்பதை என்னவென்று சொல்வது?

விறகு முற்றத்தில் ஒரு கட்டையின் வெட்டு முகத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஈரக் கட்டையின் முகம் வழவழப்பாக, ஒரே நிறமாக இருக்கும். காய்ந்த கட்டையில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வெடிப்புகள் ஓடியிருக்கும், பட்டை கழன்று நிற்கும். இரண்டு காய்ந்த கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஈரமானவை மந்தமாகத் ‘தொம்’ என்னும். ஈரக் கட்டையைத் தீயில் தள்ளினால் மறுமுனையில் நுரை தள்ளிச் சீறும். அந்தச் சீறல்தான் காசு ஆவியாகும் சத்தம்.

எண்ணில் பார்ப்போம். புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதி அளவு நீர் இருக்கும். நூறு கிலோ வாங்கினால் ஐம்பது கிலோ நீருக்கும் சேர்த்துத்தான் லொறிக் கூலி. எரிக்கும்போது அந்த ஐம்பது கிலோ நீரை ஆவியாக்கவே, மரம் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு போய்விடும். இழப்பு அதோடு நிற்பதில்லை. நீர் தீயைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த தீயில் மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் முழுமையாக எரியாமல் புகைபோக்கி வழியே வெளியேறுகின்றன. கறுப்புப் புகை, கரி, மெதேன் எல்லாம் அப்படி வெளியேறுகிறவைதான்.

‘விறகு காபன் நடுநிலையானது’ என்று அடித்துச் சொல்கிறவர்கள் மறந்துவிடும் இடம் இது. மறுபடி வளரும் மரம் காபனீரொட்சைட்டைத்தான் திருப்பி எடுக்கும். மெதேனை எடுக்க அதற்குத் தெரியாது. அரைகுறையாக எரிந்த விறகின் கடனில் ஒரு பகுதி எந்தக் கன்றை நட்டாலும் அடைபடாது.

பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, கூரையின்கீழ் சில மாதம் வைத்திருந்தால் இந்த இழப்பில் பெரும்பகுதி மிச்சம். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். கொட்டகையும் முன்யோசனையும் போதும். மஸ்கெலியா, அட்டன் பக்கம் வைகாசியில் மழை பிடித்தால் ஆவணி வரை விடாது. அதற்கு முன் விறகு கூரைக்குள் போயிருக்க வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அதே மாதங்கள்தான் காய்ந்த காற்று வீசும் காலம், அங்கே உலர்த்துவது எளிது. ஒரே அறிவுரையை எல்லா மலைக்கும் அனுப்புவதில் பயனில்லை.

அடுத்த கேள்வி: மரம் எங்கிருந்து வந்தது? தோட்டத்தில் யூக்கலிப்டஸ் நட்டு, வெட்டும் வயது பத்து ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். நிலத்தைப் பத்துத் துண்டாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு துண்டை மட்டும் வெட்டி உடனே வளரவிட்டால், வெட்டிய துண்டின் கடனை மற்ற ஒன்பது துண்டுகளும் அந்த ஆண்டிலேயே வளர்ந்து அடைத்துவிடுகின்றன. இதுதான் உண்மையான நடுநிலை. பத்துத் துண்டையும் விலை நன்றாக இருக்கிறது என்று ஒரே ஆண்டில் வெட்டினால், கடன் பத்து ஆண்டுக்குக் கொப்பியில் நிற்கும். மரமும் ஒன்று, அடுப்பும் ஒன்று. வெட்டும் ஒழுங்கு மட்டும் வேறு.

இயற்கைக் காட்டு மரத்தை வெட்டினால் அதன் இடத்தை நிரப்பப் பல தலைமுறை ஆகும். வெட்ட வெட்டத் துளிர்க்கும் கிளிரிசீடியா இதற்கு நேர் எதிர். அதன் கிளைகளை ஆண்டுக்கு ஒரு முறையாவது வெட்டலாம், அடிமரம் அப்படியே நிற்கும். அது தாழ்நிலத்திலும் நடுத்தர உயரத்திலும்தான் செழிக்கும். நுவரெலியாக் குளிரில் அதை நட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். பழைய இறப்பர் தோட்டங்களை மறுநடுகைக்காக வெட்டும்போது கிடைக்கும் மரமும் மலைக்கு லொறி ஏறி வருகிறது. அது எப்படியும் வெட்டப்பட வேண்டிய மரம் என்பதால் கணக்கில் நல்லது. ஆனால் லொறி எரிக்கும் ஒவ்வொரு லீற்றர் டீசலுக்கும் 2.7 கிலோ அளவு காபனீரொட்சைட்டை எதிர்ப்பக்கம் எழுத வேண்டும். ஈர மரமாக ஏற்றினால் அந்தச் சுமையில் பாதி தண்ணீர்தான்.

இதுவரை பார்த்தது: விறகு நல்லதா கெட்டதா என்பதை விறகு மட்டும் தீர்மானிப்பதில்லை. எங்கே வெட்டியது, எவ்வளவு காய்ந்தது, வெட்டிய இடத்தில் என்ன வளர்கிறது என்ற மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

மிலாறு யாருக்கு?

தேயிலைச் செடியை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டி விழும் கிளைகள், அதாவது மிலாறு, மலை முழுக்கக் கிடக்கும். மண்ணியல் படித்தவர் சொல்வார்: அதை அப்படியே விட்டுவிடுங்கள், மழை மண்ணை அடிக்காமல் மூடும், மக்கி உரமாகும், காபன் மண்ணுக்குள் போகும். லயத்துச் சமையலறையில் நிற்பவர் சொல்வார்: இன்றைக்கு உலை கொதிக்க வேறு எதை வைப்பது?

இரண்டு பேச்சும் சரி. உலகின் மண்ணுக்குள் இருக்கும் காபன், காற்றிலும் செடிகொடிகளிலும் இருப்பதைக் கூட்டினாலும் அதைவிட அதிகம். மண்ணைப் பட்டினி போட்டால் அந்தச் சேமிப்பு கரையும். ஆனால் கட்டு மிலாறைத் தலையில் சுமந்து வரும் பெண்ணிடம் இதைச் சொல்வதற்கு முன், அவர் வீட்டு அடுப்புக்கு வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காமல் போனபோது, பணம் இருந்தவர்களும் விறகுக்குத் திரும்பினார்கள். விறகு இந்த நாட்டில் பழங்காலத்து எரிபொருள் இல்லை.

இங்கே கைகொடுப்பது அடுப்புதான். மூன்று கல் அடுப்பில் தீயின் பெரும்பகுதி பானைக்குப் போகாமல் பக்கவாட்டில் சிதறுகிறது. ‘அனாகி’ என்ற பெயரில் இலங்கையில் உருவான இரட்டைக்குழிக் களிமண் அடுப்பு, தீயைச் சுவருக்குள் அடைத்து, முதல் பானையைத் தாண்டும் சூட்டை இரண்டாம் பானைக்கு அனுப்புகிறது. அதே சோற்றுக்குக் குறைந்த விறகு போதும். குறைந்த விறகு என்றால் மலையில் கூடுதல் மிலாறு மிஞ்சும், சுமை குறையும், அறைக்குள் புகை குறையும். புகைபோக்கி இல்லாத லயத்து அறையில் இருமுகிற பிள்ளைக்கு அந்தக் கடைசிப் பயன் முக்கியம். என்னைக் கேட்டால், காபன் கணக்கைவிட முக்கியம்.

பசளை மூட்டைக்குள் மறைந்திருப்பது

எதுவும் எரியாது, எதுவும் புகையாது. ஆனாலும் தேயிலை மலையிலிருந்து வாயு போகிறது. பலருக்கும் இது புதிய செய்தி.

யூரியா போன்ற பசளையில் இருக்கும் நைதரசன் செடிக்கு உணவு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் அதுவே உணவு. அவை நைதரசனை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும்போது, குறிப்பாக மண் ஈரத்தில் ஊறிக் காற்றில்லாமல் இருக்கும்போது, ஒரு சிறு பங்கு நைதரசு ஒட்சைட்டாக நழுவிவிடுகிறது. உலகளவில் கணக்குப் போடுகிறவர்கள் இட்ட நைதரசனில் நூற்றில் ஒரு பங்கு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். தேயிலை மண் புளிப்பானது, மலை மழை அதிகம். இந்த இரண்டும் நழுவும் பங்கைக் கூட்டக்கூடியவை.

ஒரு பங்கு என்றால் அற்பமாகத் தோன்றும். அந்த 273ஐ இப்போது எடுங்கள். நூறு கிலோ நைதரசன் இட்டால் ஒரு கிலோ நைதரசன் நழுவுகிறது. அது ஒட்சிசனும் சேர்ந்து 1.6 கிலோ அளவு நைதரசு ஒட்சைட்டாகிறது. 273ஆல் பெருக்கினால் 400 கிலோவுக்கும் அதிகமான காபனீரொட்சைட்டுக்குச் சமம். பசளையைத் தயாரிக்க ஆலையில் எரித்த இயற்கை எரிவாயு இதில் சேரவில்லை.

அப்படியானால் பசளையே வேண்டாமா? அந்தச் சோதனை இந்த நாட்டில் நடந்தாயிற்று. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது; அந்த ஆண்டு முடிவதற்குள் தடை தளர்த்தப்பட்டது. அந்தத் தட்டுப்பாடும் அடுத்து வந்த எரிபொருள் நெருக்கடியும் சேர்ந்து, 2021இல் 30 கோடி கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருந்த தேயிலை உற்பத்தியை 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறக்கின. ஒரே இரவில் நிறுத்துவதற்கு யார் எந்தப் பெயர் வைத்தாலும் அது நிலைபேறான பயன்பாடு ஆகாது.

‘சேதனப் பசளை என்றால் வாயுவே வராது’ என்ற நம்பிக்கையையும் கைவிட வேண்டும். நுவரெலியா, வெலிமடை மரக்கறித் தோட்டங்களில் கோழியெருவை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். அதிலும் நைதரசன்தான் இருக்கிறது, நுண்ணுயிருக்கு அது ஆலையிலிருந்து வந்ததா கூட்டிலிருந்து வந்ததா என்ற பேதம் தெரியாது. செடி எடுக்கக்கூடியதைவிட அதிகமாகப் போட்டால் மிச்சம் காற்றுக்கும் ஓடைக்கும்தான் போகும். சேதனப் பசளையின் உண்மையான பலம் வேறு: அது மண்ணுக்குக் காபனைக் கொடுத்து, நீரைப் பிடித்துவைக்கும் தன்மையைக் கூட்டுகிறது.

செய்யக்கூடியது, செடி குடிக்கும் அளவுக்கும் நேரத்துக்கும் ஏற்பக் கொடுப்பது. 1925இல் தொடங்கிய, தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் ஒரு மலையின் விளைச்சலையும் மண் பரிசோதனையையும் பார்த்துத்தான் பசளை அளவைப் பரிந்துரைக்கிறது. ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவது, பெருமழைக்கு முதல் நாள் போடாமல் இருப்பது, காய்ந்த மண்ணில் யூரியாவைத் தூவிவிட்டுப் போகாமல் இருப்பது எல்லாம் அனுபவமுள்ள கங்காணிக்குத் தெரிந்தவைதான். அவற்றைக் காபன் கணக்கிலும் எழுதலாம் என்பதுதான் புதிது.

கானும் நிலக்கரியும்

மலையகத்து ஆறுகள் இந்த நாட்டுக்கு மின்சாரம் தருகின்றன. லக்ஷபான, கொத்மலை, விக்டோரியா, 2012இல் தலவாக்கலையில் தொடங்கிய 150 மெகாவொட் மேல் கொத்மலை எல்லாம் மழையை நம்பியவை. தண்ணீர் குறையும் மாதங்களில் புத்தளக் கரையிலுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரியும் எண்ணெயும் அந்த இடத்தை நிரப்புகின்றன.

சரிவான மலையில் கான், அதாவது மழைநீர் வடியும் வாய்க்கால், வெட்டாமல், மண்ணை மூடாமல் விட்டால், மழையில் கரையும் மேல்மண் ஆற்றோடு போய் நீர்த்தேக்கத்தில் படிகிறது. படிந்த மண் தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தேக்கிவைக்கும் நீர் குறைந்தால் வறண்ட மாதங்களுக்கு மிஞ்சுவதும் குறையும், நிலக்கரியின் வேலை கூடும். கானில் சேர்ந்த வண்டலை அள்ளிப் போடும் தொழிலாளியின் மண்வெட்டிக்கும் புத்தளக் கரையின் புகைபோக்கிக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது. தேயிலையை மறுநடுகை செய்வதற்கு முன் ஒன்றரை, இரண்டு ஆண்டு மானாப்புல் வளர்த்து மண்ணைத் தேற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

நீர்மின்சாரத்தை மாசே இல்லாதது என்று கொண்டாடவும் நான் தயாரில்லை. மூழ்கிய செடிகொடிகள் நீர்த்தேக்கத்தின் அடியில் அழுகி மெதேன் விடும். மேல் கொத்மலைக்காக நீரைத் திருப்பியதில் சென் கிளேயர் அருவி பழைய அருவியாக இல்லை. நிலக்கரியோடு ஒப்பிட்டால் மிக நல்லது. அவ்வளவுதான்.

மரம் நடச் சொல்வதற்கு முன்

கடைசியாக, மிக எளிதாகச் சொல்லப்படும் அறிவுரை. மரம் நடுவது நல்லதுதான். நட்ட கன்று பிழைத்து வளரும்போதுதான் காபனை எடுக்கும். விழாவன்று எடுத்த படத்துக்கு அது கணக்கு வைப்பதில்லை. அதைவிட, ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் காட்டைக் காப்பாற்றுவது உடனடிப் பலன்.

ஆனால் யார் நிலத்தில் நடுவது? தோட்ட நிலம் பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம். 1992 முதல் அதன் நிர்வாகம் கம்பனிகளிடம் போயிற்று. பல தலைமுறையாக அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் காணி இல்லை. முந்தைய வீட்டுத் திட்டங்களில் பேசப்பட்டது ஏழு பேர்ச், அதாவது ஒரு சிறு வீட்டுமனை அளவு நிலம். வீடு கட்டிய பிறகு அதில் நாலு வரிசைக் கீரை வளர்க்கலாம், அடுப்புக்கு மரம் வளர்க்க முடியாது. தொழிலாளிக்கு மரநடுகை பற்றி வகுப்பெடுப்பவர்கள் இதை ஒருமுறை யோசிப்பது நல்லது.

தேயிலை சரியாக விளையாத துண்டுகள் பல தோட்டங்களில் இருக்கின்றன. அவற்றில் விறகு மரம் நடும்போது தொழிற்சாலைக்கு எவ்வளவு வேண்டும் என்பதையே கணக்கிடுகிறார்கள். லயத்து அடுப்புகளின் தேவையையும் சேர்த்துக் கணக்கிட்டு, நடந்து போகும் தூரத்தில் ஒரு துண்டை அதற்கென்று ஒதுக்கலாம். நடுத்தர உயரத்தில் கலியாண்ட்ரா போன்ற வேகமாகத் துளிர்க்கும் செடி ஓரிரு ஆண்டில் முதல் வெட்டுக்கு வந்துவிடும். கவ்வாத்து வட்டம் மூன்று முதல் ஐந்து ஆண்டு என்பதால், இன்று நட்டால் அடுத்த கவ்வாத்துக்கு முன்பே அடுப்புக்கு வேறு விறகு தயாராகியிருக்கும். மிலாறை மலையிலேயே விட்டுவிடலாம்.